துவக்கிலிருந்து குறிப்பேட்டிற்கு
பிரித்தானியப் பொங்குமுகங்களிற் குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு நடையின் வரலாறு

ஒரு நிலம் பயனுடையதா பயனற்றதா என்பதை அந்நிலத்தின் இயல்பு மாத்திரம் முடிவு செய்வதில்லை. அதனை நோக்கும் சமுதாயத்தின் தேவைகளும் அச்சமுதாயம் பெற்றுள்ள அறிவும் சேர்ந்தே அம்முடிவை உருவாக்குகின்றன. பிரித்தானியாவின் பொங்குமுகங்களில் விரிந்து கிடக்கும் சேற்றுநிலங்கள் இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். நெடுங்காலமாக அவை அணைகட்டி மீட்கப்படவேண்டிய தரிசுகள் என்றே கருதப்பட்டன. துறைமுகம் அமைப்போருக்கும் வயல் பெருக்குவோருக்கும் அவை வெற்றிடமாகவே தோன்றின. ஆனால் இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அதே சேற்றுநிலங்களின் பொருட்டுப் பாராளுமன்றத்தில் வாதம் நிகழ்ந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. இம்மாற்றத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று வெளிப்பார்வைக்கு மிக எளியது: குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளிற் சாதாரண மக்கள் குழுக்களாகக் கடலணைகள் வழியே நடந்து பறவைகளை எண்ணினர், எண்ணியதை எழுதி வைத்தனர். அந்நடை எவ்வாறு தோன்றியது, அது எதனைச் சாதித்தது, எதனைச் சாதிக்க இயலாது போயிற்று என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொங்குமுகமும் குளிர்காலமும்

ஆறு கடலோடு கலக்குமிடத்தில், வற்றுப்பெருக்கின் ஆட்சிக்குட்பட்டு அகன்று கிடக்கும் நீர்ப்பரப்பே பொங்குமுகம் எனப்படுகிறது. செவேர்ண், தேம்ஸ், டீ, மேர்சி, ஹம்பர், எக்ஸ் முதலிய ஆறுகள் இத்தகைய முகங்களைக் கொண்டவை. செவேர்ண் பொங்குமுகத்தில் வற்றுக்கும் பெருக்கிற்கும் இடையேயுள்ள நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ 14 மீற்றர் வரை செல்வதுண்டு. நாளுக்கு இருமுறை கடல் பின்வாங்கும்பொழுது பரந்த சேற்றுநிலம் வெளிப்படுகிறது. கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றும் அச்சேற்றினுள் நுண்ணிய நத்தைகளும் சிப்பிகளும் புழுக்களும் கோடிக்கணக்கில் வாழ்கின்றன.

குளிர்காலத்தில் ஆர்க்டிக் பிரதேசத்தின் நிலம் உறைந்து இறுகுகிறது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் வெப்பநீரோட்டத்தினால் பிரித்தானியாவின் பொங்குமுகங்களோ பெரும்பாலும் உறைவதில்லை. ஆகவே கிறீன்லாந்திலும் வட கனடாவிலும் கோடையிற் குஞ்சு பொரிக்கும் நொட் என்னும் உள்ளான்களும், சைபீரியாவின் தைமீர் குடாநாட்டிலிருந்து வரும் கருவயிற்றுப் பிரெண்ட் வாத்துகளும் இங்கு குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நீர் வற்றியிருக்கும்பொழுது அவை சேற்றுநிலமெங்கும் சிதறி இரைதேடுகின்றன. நீர் பெருகி வரும்பொழுது படிப்படியாகக் கரையை நோக்கி ஒதுங்கி, மணற்றிட்டுகளிலும் உவர்ச் சதுப்புகளிலும் நெருங்கித் திரள்கின்றன. இவ்வொதுக்கமே கணக்கெடுப்பைச் சாத்தியமாக்கியது. சிதறி நின்றவற்றைக் கடலே ஓரிடத்திற் கூட்டித் தருகிறது எனலாம். ஆனால் கணக்கெடுப்போருக்கு முன்னரே இதனை நன்கறிந்திருந்தவர்கள் வேட்டைக்காரர்களாவர்.

துவக்கின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் குளிர்காலப் பொங்குமுகத்திற்குச் சென்றவன் பெரும்பாலும் துவக்கோடு சென்றான். இக்காலத்தின் புகழ்பெற்ற பிரதிநிதி கேணல் பீற்றர் ஹோக்கர் (1786-1853) ஆவார். 1809ஆம் ஆண்டு தலவேராப் போரிற் காயமுற்ற இவர், பின்னர் தென்கரையிலுள்ள கீஹேவன் என்னுமிடத்தில் நீர்ப்பறவை வேட்டையில் ஈடுபட்டார். இளம் வேட்டைக்காரர்களுக்கென இவர் எழுதிய கைந்நூல் 1814இல் வெளிவந்தது. தட்டையான சிறு தோணியொன்றிற் பெருங்குழல் துவக்கொன்றைப் பொருத்தி, அதனுட் படுத்தவாறே பறவைத் திரளை அணுகிச் சுடும் முறை அக்காலத்திற் பரவியிருந்தது. ஒரே வெடியிற் பல பத்துப் பறவைகள் வீழ்ந்தன.

இவ்வேட்டையிற் செல்வர்க்கு ஒரு நோக்கமும் வறியவர்க்கு வேறொரு நோக்கமும் இருந்தன. செல்வர்க்கு அது விளையாட்டு. கரையோரத்து ஏழைக்கோ அது குளிர்கால வருவாய். அவன் சுட்ட பறவைகள் இலண்டன் முதலிய நகரங்களின் சந்தைகளை அடைந்தன. ஆகவே வேட்டையாடியோர் அனைவரையும் கொடியோர் என ஒதுக்கிவிடுவது வரலாற்று நோக்காகாது. பறவைகள் எந்தக் காற்றில் எத்திட்டுக்கு ஒதுங்கும், எந்நேரத்தில் எழும் என்னும் நுண்ணறிவு அவர்களிடமே இருந்தது. பின்னர் தோன்றிய கணக்கெடுப்பு அவ்வறிவின் மீதே கட்டப்பட்டது. 1908இல் ஸ்டன்லி டங்கன் தாபித்த நீர்ப்பறவை வேட்டைக்காரர் சங்கமும் காலப்போக்கிற் பறவைகளின் பாதுகாப்பிற் கருத்துச் செலுத்தியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நோக்குதலின் தோற்றம்

பறவைகளைச் சட்டத்தினாற் காக்கும் முயற்சி 1869ஆம் ஆண்டின் கடற்பறவைச் சட்டத்தோடு தொடங்கியது. எனினும் அது கூடுகட்டும் பருவத்திற்கு மாத்திரம் உரியதாகவே இருந்தது. தொப்பிகளை அலங்கரிக்கும் இறகு வணிகத்தை எதிர்த்து 1889இல் மான்செஸ்ரரின் டிட்ஸ்பரியிற் பெண்கள் சிலர் ஒன்றுகூடினர். அவர்களது முயற்சியின் வழிவந்த பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1904இல் அரச சாசனத்தைப் பெற்றது. துவக்குக்கெதிரான முதல் நிறுவனக் குரல்களுள் ஒன்று இவ்வாறு பெண்களிடமிருந்தே எழுந்தது.

அறத்தோடு கருவியும் மாறியது. முன்னாளிற் பறவையொன்றின் இனத்தை ஐயமற நிறுவுவதற்கு அதனைச் சுட்டுக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டியிருந்தது. 1894இல் ஜேர்மனியின் சைஸ் நிறுவனம் அரியங்கள் பொருத்திய இரட்டைத் தொலைநோக்கிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொல்லாமலே அறியும் வழி இத்தகைய கருவிகளால் விரிவடைந்தது. 1901இல் எட்மண்ட் செலூஸ் தாம் எழுதிய நூலொன்றுக்குப் ‘பறவை நோக்கல்’ என்னும் பொருள்படும் பெயரையே இட்டார். இதற்கு ஓராண்டு முன்னதாக, அமெரிக்காவில் நத்தார்த் தினத்தன்று குழுக்களாகப் பிரிந்து போட்டியிட்டுச் சுடும் வழக்கத்திற்கு மாற்றாக, அன்று பறவைகளைச் சுடாமல் எண்ணும்படி பிராங் சப்மன் வேண்டினார். 1900ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் திகதி அதிற் பங்குபற்றியோர் 27 பேர். குளிர்காலக் குழுநடையின் வரலாற்றில் இது ஒரு மைல்கல்லாகும்.

பிரித்தானியாவிலோ எண்ணும் மரபு வேறு வழியில் வளர்ந்தது. 1928இல் நாடளாவிய நாரைக் கூடுகளின் கணக்கெடுப்பு மக்ஸ் நிக்கல்சனின் முயற்சியால் நிகழ்ந்தது. 1930களின் தொடக்கத்திற் பிரித்தானியப் பறவையியல் நம்பிக்கைப் பொறுப்பகம் தோன்றியது. தொழில்முறை அறிஞர் சிலரும் ஊர்தோறும் பரந்திருந்த ஆர்வலர் பலரும் ஒரே வினாவுக்கு ஒரே முறையில் விடைதேடலாம் என்பதை இம்முயற்சிகள் நிறுவின.

வேட்டை மரபும் கணக்கெடுப்பு மரபும் ஒரே மனிதரிற் சந்தித்தமையைப் பீற்றர் ஸ்கொட்டின் (1909-1989) வாழ்க்கை காட்டுகிறது. தென்துருவப் பயணத்தில் உயிர்நீத்த கப்டன் ஸ்கொட்டின் மகனான இவர், இளமையில் வொஷ் கரையோரத்தில் வாத்து வேட்டையில் மூழ்கியிருந்தார். பின்னர் மெல்லமெல்லத் துவக்கைத் துறந்தார். 1945 டிசெம்பரிற் செவேர்ண் கரையிலுள்ள ஸ்லிம்பிறிட்ஜுக்குச் சென்று அங்கு திரண்டிருந்த காட்டு வாத்துகளைக் கண்டார். அடுத்த ஆண்டு நவெம்பரில் அவ்விடத்திலேயே நீர்ப்பறவை ஆய்வு நிலையமொன்றைத் தாபித்தார். வேட்டைக்காரன் மறைந்திருந்த பதுங்குமிடம் பார்வையாளனுக்கு உரியதாயிற்று.

கணக்கெடுப்பு நடை

1947இல் நாடளாவிய வாத்தினக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 1967இல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றைத் தழுவிய சனவரிக் கணக்கெடுப்பாக அது விரிந்தது. எனினும் சேற்றுநிலங்களின் பெரும்பான்மைக் குடிகளாகிய உள்ளான் இனங்கள் உரிய இடம் பெறவில்லை. இக்காலத்திலேயே மோகம் விரிகுடாவிலும் டீ, சொல்வே, வொஷ் பகுதிகளிலும் அணைகட்டி நன்னீர் தேக்கும் திட்டங்கள் ஆராயப்பட்டன. இத்திட்டங்களால் எவ்வளவு பறவைகள் பாதிக்கப்படும் என்ற வினாவுக்கு முழுமையான விடை எவரிடமும் இருக்கவில்லை. அவ்விடையைத் தேடி 1969இற் பொங்குமுகப் பறவை ஆய்வு தொடங்கப்பட்டது. பறவையியல் பொறுப்பகம், பறவைப் பாதுகாப்புச் சங்கம், ஸ்கொட்டின் நிறுவனம் ஆகிய மூன்றும் அதில் இணைந்தன. அதன் முதற்கட்டம் 1975 வரை நீடித்தது. முடிவுகள் டோனி பிறேற்றரின் நூலாக 1981இல் வெளிவந்தன.

இவ்வாய்வின் அடிப்படை அலகு ஒரு நடையேயாகும். மாதத்திற்கு ஒருமுறை, முன்கூட்டியே குறிக்கப்பட்ட நாளில், பெருக்கு நேரத்தைக் கணித்து ஒவ்வொரு பொங்குமுகத்திலும் குழுக்கள் கூடின. ஆசிரியர், எழுதுவினைஞர், தொழிலாளர், ஓய்வூதியர், மாணவர் எனப் பலதரத்தினரும் அவற்றில் இருந்தனர். கரை பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு குழுவிற்கும் ஒவ்வொரு கூறு ஒப்படைக்கப்பட்டது. நீர் ஏறத் தொடங்கியதும் கடலணை வழியே நடந்து, பறவைகள் ஒதுங்கும் திட்டுகளை அணுகினர். கிட்ட நெருங்கினாற் கூட்டம் எழுந்து அடுத்த கூறுக்குப் பறந்துவிடும், எண்ணிக்கை இரட்டிக்கும். ஆகவே எட்ட நிற்கும் கட்டுப்பாடு நடையின் முதல் விதியாயிற்று. சிறு கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணினர். ஆயிரக்கணக்கில் நெருங்கிய உள்ளான்களை எண்ணும்பொழுதோ, முதலில் நூறு பறவைகள் அடைக்கும் பரப்பைக் கண்ணால் அளந்து, அவ்வளவைத் திரள்முழுவதிலும் பொருத்திப் பார்த்தனர். ஒருவர் தொலைநோக்கியில் நோக்கி எண்ணைச் சொல்ல, மற்றொருவர் விறைத்த விரல்களாற் குறிப்பேட்டிற் பதிந்தார்.

இம்முறையில் வழு இல்லை என்று கூறமுடியாது. பெருங்கூட்டத்தைக் கண்ணால் அளப்பவர் தவறுவது இயல்பே. ஆயினும் இக்கணக்கெடுப்பின் வலிமை தனியொரு நாளின் துல்லியத்தில் தங்கியிருக்கவில்லை. ஒரே இடம், ஒரே பருவம், ஒரே முறை என்னும் ஒழுங்கு ஆண்டுதோறும் பேணப்பட்டது. ஒரு நாளின் எண் வெறும் குறிப்பு. முப்பது ஆண்டின் எண்கள் சான்று. கல்வெட்டொன்றைத் தனித்து வாசிப்பதற்கும் கல்வெட்டுத் தொகுதியொன்றை ஒப்புநோக்கி வாசிப்பதற்குமுள்ள வேறுபாட்டை இதனோடு ஒப்பிடலாம். 1993இல் வாத்தினக் கணக்கெடுப்பும் பொங்குமுக ஆய்வும் ஒன்றிணைந்து ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பாக மாறியபொழுது, அத்தகைய தொகுதியொன்று ஏற்கெனவே உருவாகியிருந்தது.

மப்ளின்: வெற்றியும் அதன் உண்மைக் காரணமும்

சான்று அதிகாரத்தைச் சந்தித்த முக்கியமான களங்களுள் ஒன்று தேம்ஸ் பொங்குமுகத்தின் வடகரையிலுள்ள மப்ளின் மணற்பரப்பாகும். இலண்டனின் மூன்றாவது விமான நிலையத்திற்கு இடம்தேட 1968இல் றொஸ்கில் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1971 சனவரியில் வெளியான அறிக்கை உள்நாட்டிலுள்ள கப்ளிங்ரனைப் பரிந்துரைத்தது. உள்நாட்டு மக்களின் எதிர்ப்பு வலுத்தது. ஆணைக்குழு உறுப்பினரான கொலின் புக்கனன் மாறுபட்ட கருத்தை எழுதி, கரையோரமான பவுல்னஸே தகுந்ததென்றார். அரசாங்கம் பவுல்னஸை ஒட்டிய மப்ளினைத் தெரிந்தெடுத்தது. 1973இல் மப்ளின் அபிவிருத்திச் சட்டம் நிறைவேறியது.

மணற்பரப்பில் வாக்காளர் எவரும் வாழவில்லை. ஆனால் அங்கு பரந்த கடற்புற்படுக்கையும் அதனை உண்ணும் பிரெண்ட் வாத்துகளும் இருந்தன. இவ்வாத்தின் வரலாறு துயரமானது. 1930களிற் கடற்புல்லைத் தாக்கிய நோயும் தொடர்ந்த வேட்டையும் அதன் தொகையை ஒடுக்கின. 1950களின் நடுப்பகுதியில் உலகெங்குமுள்ள கருவயிற்றுப் பிரெண்ட் வாத்துகள் ஏறத்தாழ 16,500 என்றே மதிப்பிடப்பட்டன. 1954ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியாவில் அதனைக் காத்தது. 1972இல் டென்மார்க் வேட்டையை நிறுத்தியது. 1970களின் நடுப்பகுதியில் அதன் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. இவ்வீழ்ச்சியும் மீட்சியும் உலகிற்குத் தெரியவந்தமைக்குக் கணக்கெடுப்புகளே காரணம். விமான நிலையம் எழவிருந்த மணற்பரப்பு ‘வெற்றிடம்’ அன்று என்ற வாதத்திற்கு அவ்வெண்கள் அடிப்படையாயின.

1974 யூலையில் மப்ளின் திட்டம் கைவிடப்பட்டது. இதனைக் குறிப்பேட்டின் வெற்றியென்று கொண்டாடுவது எளிது. ஆனால் வரலாற்றுண்மை அவ்வளவு எளிதன்று. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம், பெருகிய செலவு, மாறிய பயணிகள் மதிப்பீடு, புதிய அரசாங்கத்தின் வருகை ஆகியனவே தீர்மானிக்கும் காரணிகளாயின. பறவைச் சான்று எதிர்ப்பிற்கு உள்ளடக்கம் தந்ததே யன்றித் திட்டத்தைத் தனித்து நின்று தடுத்ததன்று. சான்றைப் பொருளாதாரத்திலிருந்து பிரித்து நோக்கும் வரலாறு குறையுடையதாகவே அமையும்.

இழப்பின் சாட்சி

இவ்வுண்மையைப் பின்வந்த இரு நிகழ்ச்சிகள் மேலும் தெளிவாக்குகின்றன. வேல்சின் தலைநகராகிய கார்டிவ் நகரின் விரிகுடாவை மறித்து அணைகட்ட 1993இற் சட்டம் இயற்றப்பட்டது. துறைமுகப் பகுதியின் நலிவைப் போக்கி வேலைவாய்ப்பும் புதுவாழ்வும் அளிப்பதே அதன் நோக்கம், அந்நோக்கத்தை இகழ்வதற்கில்லை. 1999 நவெம்பரில் அணை மூடப்பட்டது. ஏறத்தாழ 200 ஹெக்டயர் பரப்பு நன்னீர் ஏரியாயிற்று, சேற்றுநிலம் மறைந்தது. பவளக்காலி உள்ளான்கள் அயலிலுள்ள கரைகளுக்கு இடம்பெயர்ந்தன. அவற்றின் கால்களில் முன்னரே வளையங்கள் இடப்பட்டிருந்தமையால் அவற்றின் கதியைத் தொடர்ந்து அறியமுடிந்தது. இடம்பெயர்ந்தவற்றின் உடல்நிலை நலிந்தது. இறப்பு வீதம் உயர்ந்தது. ‘பறவைகள் வேறிடம் செல்லும்’ என்ற ஆறுதல்மொழி பொய்யென 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

மெட்வே பொங்குமுகத்தின் லப்பல் பாங்கு இன்னொரு களமாகும். 22 ஹெக்டயர் பரப்புடைய அச்சேற்றுநிலத்தைத் துறைமுக விரிவாக்கத்திற்காக அரசாங்கம் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே விட்டது. பறவைப் பாதுகாப்புச் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. பாதுகாப்பு எல்லையை வகுக்கும்பொழுது பொருளாதார நலனைக் கருத்திற் கொள்ளலாகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 1996இற் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வருமுன்னரே சேற்றுநிலம் மூடப்பட்டுவிட்டது. கொள்கை வென்றது, நிலம் தோற்றது.

அவ்வாறாயின் எண்ணியதாற் பயன் யாது என்று வினவலாம். எண்ணப்படாத இழப்பு இழப்பாகவே பதிவாவதில்லை என்பதே அதற்கு விடை. முன்னைய நூற்றாண்டுகளில் அணைகட்டி மீட்கப்பட்ட சேற்றுநிலங்களில் எத்தனை பறவைகள் வாழ்ந்தன என்பதற்குக் கணக்கில்லை. ஆதலால் அவற்றின்பொருட்டு எவரும் ஈடு கேட்கவில்லை. லப்பல் பாங்கிற்கோ கணக்கு இருந்தது. ஆகவே அரசாங்கம் ஈடுசெய்ய நேர்ந்தது. எசெக்ஸ் கரையில், பவுல்னசுக்கு அண்மையிலுள்ள வொலசித் தீவிற் பழைய கடலணை 2006இல் உடைக்கப்பட்டு, வயலாயிருந்த நிலத்துட் கடல் மீண்டும் விடப்பட்டது. பின்னர் இலண்டனின் புதிய சுரங்க இரயிற்பாதைக்காகத் தோண்டிய மண்ணில் ஏறத்தாழ 30 இலட்சம் தொன் அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டு மேலும் சதுப்புநிலம் உருவாக்கப்பட்டது. கடலிடமிருந்து நிலத்தை மீட்பதே நாகரிகமென்று கருதிய சமுதாயம், நிலத்தைக் கடலிடம் ஒப்படைக்கப் பொருள் செலவிட்டது.

இலங்கையும் இவ்வரலாற்றிற்கு முற்றும் புறம்பானதன்று. 1987இல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புத் தொடங்கியபொழுது, ஐரோப்பாவில் வளர்ந்த சனவரிக் கணக்கெடுப்பு முறை இப்பிராந்தியத்திற்கும் விரிந்தது. 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கையில் இலங்கை 1990இல் இணைந்தது. மன்னார்க் கரையிலுள்ள வங்காலை 2010இல் அதன் பட்டியலில் இடம்பெற்றது. வடபுலத்துக் குளிரிலிருந்து தப்பிவரும் பறவைகள் மன்னாரின் சேற்றுத்தரைகளிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் இரைதேடுகின்றன. அக்கடனீரேரியை நன்னீராக்கும் திட்டங்கள் இருபதாம் நூற்றாண்டிற் பலமுறை முன்வைக்கப்பட்டவை. மக்களுக்கு நீர் வேண்டும் என்பது மறுக்கவொண்ணாத நியாயம். ஆயினும் எதனைப் பெற எதனை இழக்கிறோம் என்பதை அறிந்து முடிவெடுக்கும் சமுதாயத்திற்கும், அறியாது முடிவெடுக்கும் சமுதாயத்திற்கும் வேறுபாடு உண்டு. அவ்வறிவைத் தருவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. நீர் பெருகும் நேரத்தில் கரையோரம் நடக்கும் சிலரும், அவர்களிடம் ஒரு குறிப்பேடும், அடுத்த ஆண்டும் அதே நாளில் வரும் உறுதியுமே வேண்டும்.